பேய் வீடு என்று சொல்லாதீர்கள்

பேய்க்கதைத் தொகுப்பு ஒன்று எழுதும் எண்ணத்தில் ஏழெட்டு மாதமாக யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுக்கு அலைகிறேன். நல்லூர் மந்திரி மனையில்தான் தொடங்கினேன். அங்கிருந்து சுரங்கம் ஓடுகிறது என்று சின்ன வயதில் கேட்ட கதையை இப்போதும் சொல்கிறார்கள். கோட்டைக்கும் போனேன். ஒல்லாந்தர் 1706இல் கட்டிய தேவாலயம் 1990 சண்டையில் அழிந்து கல்லாய்க் கிடக்கிறது. ஆனால் என்னை உலுப்பிய கதை வலிகாமத்தில், பெயரில்லாத ஒரு நாற்சார் வீட்டில் கிடைத்தது.

அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. முற்றத்தில் குந்தியிருந்து பனங்கிழங்கு உரித்தபடியே சொன்னா.

"விடியப்புறம் நாலு மணிக்குத் துலாச் சத்தம் கேக்கும் பிள்ளை. கிறீச் கிறீச் எண்டு. மாமி தண்ணி அள்ளுறா."

கிணற்றடியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அள்ளும் அந்த நெடிய துலாமரம் இல்லை. மோட்டரும் ஒரு நீலக் குழாயும்தான். 1995 ஐப்பசியில் போருக்குப் பயந்து சனமெல்லாம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது இவர்களும் தென்மராட்சிக்கு நடந்திருக்கிறார்கள். மாமியார் அங்கேயே கண்மூடிவிட்டா. அடுத்த வருசம் திரும்பி வந்தால் ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, துலாவும் இல்லை.

"ஊர்ச் சுடலை அவவுக்குக் கிடைக்கேல்லை. அதுதான் தன்ரை கிணத்தடிக்கு வாறா. நீ பேயெண்டு எழுதிப் போடாதை. மாமி எண்டு எழுது."

ஆச்சியின் முகத்தில் பயம் துளியும் இல்லை.

எங்கள் பழைய பேய்களுக்கெல்லாம் ஓர் இடம் இருந்தது. புளியில் முனி, வயல்வெளியில் கொள்ளிவாய்ப் பேய். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்குப் போகாதே என்பார்கள். பிள்ளை பயந்துவிட்டால் திருநீறு போட்டு, நூல் கட்டி, கழிப்புக் கழித்து மீட்டெடுக்க ஊரில் ஆள் இருந்தது. பயத்தோடு ஒருவரைத் தனியே விட்டதில்லை.

இப்போது நடப்பது வேறு. வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வருசக்கணக்காக மாட்டுப்பட்டிருந்து, போருக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்ட காணிகளில் கூரையில்லாத வீடுகள் நிற்கின்றன. இரவில் ரோச் லைட்டும் கமராவுமாக உள்ளே போய் 'பேய் வீடு' என்று வீடியோ போடுகிறார்கள். ஒரு வீடியோவில் வெளிச்சம் குசினி மூலையில் ஒரு கல்லில் விழுகிறது. "பலி கொடுத்த கல்" என்கிறார் தம்பி. அது அம்மி! தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் ஒரு தாய் விட்டுப்போன அம்மி. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அந்த வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார். கனடாவில் இருக்கலாம், பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கலாம், காணாமல் போன மகனைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர் பிறந்த அறையைக் காட்டிப் பயப்படுத்த எங்களுக்கு யார் உரிமை தந்தது? பேய்க்கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானே அதைத்தான் எழுதுகிறேன். வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, கேட்டு, அவர் சொல்லுகிற உறவுமுறையோடு எழுதுங்கள் என்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாத மூன்று வீடுகளின் கதைகளை என் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன். மூன்றும் நல்ல கதைகள்.

ஆச்சியின் கதையைப் போன கிழமை கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரேயொரு திருத்தம் சொன்னா: மாமி அள்ளுறது வாளியாலை இல்லை, பனையோலைப் பட்டையாலை. மாற்றிவிட்டேன்.