சோலைக்காடு புறம்போக்கு இல்ல ப்ரோ

ப்ரோ, ஊட்டிக்கு மேல சோலைக்காடு, புல்வெளி எல்லாம் புறம்போக்கு, ஃபோர் பை ஃபோர் ஜீப் இருந்தா எங்க வேணா ஏத்தலாம், மாட்னா ஃபைன் கட்டிட்டு வந்துரலாம்னு போட்டிருக்கீங்க, இது ரொம்ப தப்பு, இத நம்பி பசங்க கிளம்பிடுவாங்க. அங்க இருக்கற முக்குருத்தி தேசியப் பூங்கா, 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல வருது, பர்மிட் இல்லாம உள்ள போறதே குத்தம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, வண்டியையும் புடிச்சு அரசாங்கம் எடுத்துக்கலாம்.

புல்லு திரும்ப மொளச்சிரும்னீங்களே, அதான் எனக்கு தாங்கல. மேகம் வந்து மோதி நிக்கிற மலை அது, அந்த புல்லும் கீழ இருக்கற மண்ணும் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணிய புடிச்சு வெச்சு கொஞ்சம் கொஞ்சமா ஓடைக்கு வுடுது, பவானியே அப்டிதான் பொறக்குது. ஈர மண்ணுல டயர் ஏறுனா மண்ணு இறுகிடும், அப்புறம் மழத்தண்ணி உள்ள இறங்காம அந்த தடத்துலயே ஓடி பள்ளமா அரிச்சிடும்.

அப்புறம் அது நீலகிரி பழங்குடியான தோடர் மக்களோட எடம், எருமை மேய்ச்சல் அங்கதான், செத்தவங்க முக்குருத்தி மலை வழியாத்தான் மறுஉலகம் போறாங்கன்னு நம்புறாங்க. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமைய ஒத்துக்குது, காட்ட காப்பாத்துற அதிகாரத்த கிராம சபைக்கு குடுக்குது.

நான் எண்ணூர்காரன், எங்க கழிமுகத்தையும் சும்மா கெடக்கற எடம்னு சொல்லித்தான் அனல்மின் நிலைய சாம்பல கொட்டுனாங்க, அதனால இந்த புறம்போக்குங்கற வார்த்தைய பாத்தாலே வயிறு எரியுது. பதிவ திருத்திடுங்க ப்ரோ.