மலைன்னா அப்படித்தானாம்

நேற்று பெட்ஃபோர்டிலிருந்து குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு வரும்போது, நடைபாதையில் பாதி ஏற்றி நிறுத்தியிருந்த ஒரு வெளியூர்க் காரைச் சுற்றிப்போக ரோட்டில் இறங்கினேன். இறங்கினேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன். முதலில் ஊன்றுகோலைக் கீழே வைத்து, ரப்பர் பிடிக்கிறதா என்று ஒரு அழுத்து அழுத்திப் பார்த்து, அப்புறம் காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்ட கால், கடைசியில் நல்ல கால். சாரலில் பாசி பிடித்த கல் வேறு. அதற்குள் பின்னால் வந்த ஜீப் இரண்டு தடவை ஹார்ன் அடித்தாயிற்று.

"ரெண்டே நிமிஷம்ணா, டீ குடிச்சுட்டு எடுத்துடறேன்" என்றான் கார்க்காரன். நல்ல பையன்தான், அவன்மேல் கோபம் வரவில்லை. போன மாதம் இந்த நடைபாதை விஷயமாக மனுவோடு போனபோது ஒரு அலுவலர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது: "மலை ஊருன்னா மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும் சார்."

மலை எனக்குத் தெரியாதா? சரிவில் மூச்சு வாங்கும், ஊன்றுகோல் ரப்பர் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். நடைபாதை ஓரத்தை முழங்கால் பக்கம் உயர்த்திக் கட்டியதும், சாக்கடை மூடியை உடைந்தபடி விட்டதும், பேக்கரி பலகையை நடுவில் போட்டதும் மலையா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமவெளிக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. மாற்றுத்திறனாளிகளும் புழங்கும்படி இடங்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற அணுகல் தரங்களை வெறும் பரிந்துரை மாதிரி வைத்திருந்த, அந்தச் சட்டத்தின் கீழான விதியை 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, கட்டாய விதி கொண்டுவர மூன்று மாதம் கொடுத்தது. 2025 மே மாதம் இன்னொரு வழக்கில், தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21வது பிரிவு தரும் உரிமை, அது மாற்றுத்திறனாளிகளும் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் பிரிவு அது. ஜீப் ஹார்னைக் கேட்டவனுக்கு அது ஏன் அந்தப் பிரிவில் வருகிறது என்று புரியும்.

அளவும் இருக்கிறது. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டுதலில் நடைபாதை உயரம் அதிகபட்சம் 15 செ.மீ. சாய்தளம் 12க்கு 1, அதாவது அந்த 15 செ.மீ. ஏற 180 செ.மீ. நீளம் போதும், ஒரு கார் நிற்கிற இடம்கூட வேண்டாம்.

இன்று காலை தச்சரிடம் டேப் வாங்கிப் போய் அளந்தேன். 38 செ.மீ. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதும் மனுவில் அந்த எண்ணைத்தான் முதல் வரியில் போட்டிருக்கிறேன்.