மாற்று ஆட்டக்காரர்கள் மட்டுமே காரணமா?

'இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியான எஃப்.ஏ. கோப்பையில் பெரிய அணிகள் முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கிவிடுவதால்தான் சின்ன அணிகள் ஜெயிக்கின்றன' என்று ஒரு கருத்து உண்டு. தொடக்கச் சுற்றுகளில் அப்படி நடப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதையே முழுக் காரணமாக்குவது வென்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1973 இறுதிப் போட்டியைப் பாருங்கள். கோப்பையின் நடப்புச் சாம்பியனான லீட்ஸ் அணியில் பிரெம்னர், கைல்ஸ், ஹண்டர், லோரிமர் என்று முன்னணி வீரர்கள் பலரும் ஆடினார்கள். எதிரணியான சண்டர்லாந்தோ ஒரு படி கீழான இரண்டாம் டிவிஷன் அணி. போர்ட்டர்ஃபீல்ட் அடித்த ஒரே கோலில் கோப்பை அவர்களுக்குப் போனது. லீட்ஸின் செர்ரி தலையால் முட்டிய பந்தைத் தட்டிவிட்ட சண்டர்லாந்து கோல்கீப்பர் மான்ட்கோமரி, விழுந்த வேகத்திலேயே எழுந்து, மிக அருகிலிருந்து லோரிமர் உதைத்ததையும் குறுக்குக் கம்பத்தில் படும்படி தட்டிவிட்டார். அந்தத் தடுப்பில் மாற்று ஆட்டக்காரருக்கு என்ன வேலை?

2013 இறுதிப் போட்டியிலும் அதே கதைதான். அகுவேரோ, சில்வா, யாயா டூரே, கொம்பனி எல்லாரும் களத்தில் இருந்தும் மான்செஸ்டர் சிட்டி, சின்ன அணியான விகனிடம் 1-0 என்று தோற்றது. 84ஆம் நிமிடத்தில் சிட்டியின் சபலேட்டா வெளியேற்றப்பட்டது உண்மை. ஆனால் அதற்கு முன்பும் விகன் பயமில்லாமல்தான் ஆடியது. விகனின் வாட்சன் அடித்த கோல் 90 நிமிடம் முடிந்தபின் சேர்க்கப்பட்ட கூடுதல் நிமிடத்தில் வந்தது.

ஒரே ஆட்டத்தில் முடிவாகும் போட்டியில் ஒரு கோலும் ஒரு நல்ல கோல்கீப்பரும் போதும். 38 ஆட்டங்கள் கொண்ட லீக்கில் அது எடுபடாது. கோப்பையை வென்ற அதே விகன் மூன்றே நாளில் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது.