"அதைச் சாப்பிடப் போகிறாயா, தங்கச்சி?"

ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்களும் காணொளியில் பார்த்தவர்களும் எனக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தேன். இனியும் இருந்தால் தவறு என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

நான் கேட்டது மிகச் சிறிய ஒன்று. காவடித் தொண்டர்களுக்குத் தந்த பையில் இருந்த சோப்பின் உறையைத் திருப்பிப் படித்தபோது, பட்டியலின் முதல் பெயரே 'சோடியம் டாலோவேட்' என்று இருந்தது. மாட்டுக் கொழுப்பையோ ஆட்டுக் கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் வருவது அது. வேறு சோப்பு இருந்தால் மாற்றித் தர முடியுமா என்று பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கும் குரலில்தான் கேட்டேன். இத்தனை ஆண்டுகளாக நான் அண்ணன் என்று அழைத்து வந்த அவரோ, கையிலிருந்த ஒலிவாங்கியில் அதை ஊருக்கே சொல்லிவிட்டு, "அதைச் சாப்பிடப் போகிறாயா, தங்கச்சி?" என்றார். மண்டபமே சிரித்தது.

இல்லை அண்ணா, சாப்பிடப் போவதில்லை. ஆனால் கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் மரக்கறி மட்டும் உண்டு, பாயில் படுத்து, சமையல் பாத்திரத்தைக்கூடத் தனியாக வைத்து விரதம் காக்கிற உடம்பில், விடியற்காலையில் குளித்துவிட்டுத் திருநீறு பூசும் அதே தோலில், மாட்டுக் கொழுப்பைத் தேய்த்துக்கொள்ளலாமா என்பதுதான் என் கேள்வி. இன்றுவரை யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. சிரித்தீர்கள், அவ்வளவுதான்.

உறையைப் படிக்கும் பழக்கம் எனக்கு ஆசையால் வந்ததன்று. நாற்பது வயதில் கைகளிலும் கழுத்திலும் எக்ஸிமா என்ற தோல் அழற்சி வந்து, இரவில் தூங்க முடியாமல் தவித்த ஓர் ஆண்டு உண்டு. அப்போது நம் மொரீஷியஸின் ரோஸ் ஹில் நகரில் ஒரு மருந்துக் கடையில், பச்சை இலை படமும் 'வீகன்', அதாவது விலங்குப்பொருள் எதுவும் சேராத நனிசைவம், என்ற முத்திரையும் போட்ட ஒரு கிரீமை விலை பார்க்காமல் வாங்கி வந்து பூசினேன். விடிவதற்குள் முகம் தணலாக எரிந்தது. லாவெண்டர் எண்ணெயும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் அதில் கலந்திருந்தன. எந்த விலங்கும் அதில் இல்லை என்பது உண்மைதான். என் தோலுக்கு மென்மையானதும் இல்லை. நனிசைவம் என்பது வேறு, மென்மை என்பது வேறு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தோல் மருத்துவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நம் தீவில் விற்கும் பல பொருள்களில் 'சான் பார்ஃபம்', அதாவது வாசனைப்பொருள் சேர்க்காதது, என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். அதைத் தேடச் சொன்னார். ஆங்கிலத்தில் 'அன்சென்டட்' (மணமற்றது) என்று மட்டும் இருந்தால் போதாது, மணத்தை மறைப்பதற்கென்றே ஒரு வாசனைப்பொருளைச் சேர்த்திருக்கக்கூடும் என்றார். லிமோனீன், லினலூல் என்ற வாசனைப்பொருள்களின் பெயர்களைக் கண்டால் என்னைப் போன்றவர்கள் விலகிவிட வேண்டும். புதிய கிரீம் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிச் சில நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதன் பிறகு படிக்கப் படிக்கத்தான் மற்றவையும் தெரிந்தன. லானோலின் என்பது ஆட்டு ரோமத்தில் படியும் மெழுகு. உதட்டுச் சாயத்தின் சிவப்பான கார்மைன், கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சிகளை உலர்த்திப் பொடித்து எடுப்பது. உறையில் சிஐ 75470 என்ற நிற எண்ணுக்குள் அது ஒளிந்திருக்கும். கிளிசரின் கொழுப்பிலிருந்தும் வரும், தாவர எண்ணெயிலிருந்தும் வரும்; உறையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆறு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டேன், இரண்டுதான் பதில் எழுதின. ஸ்குவாலேன் என்ற ஈரமூட்டும் எண்ணெய் நெடுங்காலமாகச் சுறாவின் ஈரலிலிருந்து வந்தது. இன்று பிரேசிலின் கரும்புச் சர்க்கரையை ஈஸ்ட்டால் புளிக்கவைத்தும் அதைத் தயாரிக்கிறார்கள். கரும்பு வெட்டுவதற்காகவே இந்தத் தீவுக்கு ஏற்றிவரப்பட்டவர்களின் பேத்தி நான். வெயிலில் வெடித்த கைகளோடு தோட்டத்திலிருந்து திரும்பும் என் பாட்டி தேங்காயெண்ணெயைத் தவிர வேறெதையும் தடவியதில்லை. இன்று என் கையை ஆற்றுவது அதே கரும்பிலிருந்து வருகிறது. அந்தப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் பாட்டியை நினைத்துக்கொள்கிறேன்.

பட்டுப் புடவை கட்டுகிறவளுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று ஒரு தங்கை எழுதியிருந்தாள். என் திருமணப் புடவையைத் தவிர என்னிடம் பட்டு இல்லை. காவடியன்று செம்பில் பால் சுமக்கிறாயே, அது மட்டும் நனிசைவமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது எனக்கும் முருகனுக்கும் இடையில் உள்ளது. அதைப் பற்றி இங்கே பேச மாட்டேன்.

விலங்குகள் மீது சோதிக்காமல் பொருள் பாதுகாப்பானது என்று எப்படித் தெரியும் என்று கேட்டவருக்கு மட்டும் விரிவாகவே சொல்கிறேன். 1944இல் வகுக்கப்பட்ட ட்ரெய்ஸ் சோதனையில், விழித்திருக்கும் வெள்ளை முயலின் கண்ணில் பொருளை இட்டு, புண்ணாகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். இப்போது மனித உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்த்த தோல் திசுவிலேயே எரிச்சலைச் சோதிக்க முடிகிறது. விலங்குகள் மீது சோதித்த அழகுப்பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச்சில் முழுமையாகத் தடை செய்தது; இந்தியா 2014இல் அத்தகைய சோதனையையும், சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் தடை செய்தது. அங்கெல்லாம் மக்கள் முகம் கழுவாமல் இருக்கிறார்களா? ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: துள்ளும் முயல் முத்திரை சோதனையைப் பற்றி மட்டுமே பேசும், உள்ளே தேன்மெழுகு இருப்பதை அது தடுக்காது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

விலை அதிகம் என்பது நியாயமான கவலை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பைக்குத் தேவைப்பட்டது விலையுயர்ந்த கிரீம் அன்று; தாவர எண்ணெயில் செய்த, மணமில்லாத ஒரு சாதாரண சோப்புதான். அது நம் கடைகளிலேயே கிடைக்கிறது. பை தயாரித்தவர்கள் உறையை ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

1998இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்துகளை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது இந்தத் தீவின் தமிழர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசையில் மறுபடியும் அச்சிடப்பட்டன. ஒரு தாளில் எந்த வரி மேலே, எந்த வரி கீழே என்று அவ்வளவு கூர்மையாகப் படிக்கத் தெரிந்த நமக்கு ஒரு சோப்பு உறையைப் படிப்பது மட்டும் எப்படிக் கேலிக்குரியதாகிறது? இங்கிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீளவால் குரங்குகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குக் கப்பம் போலப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை மருந்து ஆய்வுக்குப் போகின்றன, அழகுப்பொருளுக்கு அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிற நாம் அதைப் பற்றி ஒரு நாளாவது வாய்விட்டுப் பேசியிருக்கிறோமா? கேட்டால் அதற்கும் சிரிப்பீர்களோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு வலித்தது சோப்பு அன்று. என் மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினோரு வயது. எனக்கு வந்த அதே தோல்தான் அவளுக்கும் வந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில், "அம்மா, இனிமேல் யார் எதைக் கொடுத்தாலும் கேட்காமல் வாங்கிக்கொள்வோம்" என்றாள்.

உறை பிரிக்காத அந்தச் சோப்போடு பை இன்னும் வாசல் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது அதை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். வேறு சோப்பு இருக்கிறதா என்று மறுபடியும் கேட்பேன். இந்த முறை என் மகளை எனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு கேட்பேன்.