உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க

பிள்ளைகளுக்கு ரெடிமேட் எடுக்கப் போகிறவர்கள் கடையில் என்ன பார்ப்பார்கள்? கலர், ஜரிகை, நெஞ்சில் ஒட்டியிருக்கிற பூ. நான் உடுப்பை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது. "டேமேஜ் எல்லாம் இல்லக்கா, தைரியமா எடு" என்பார்கள். நான் டேமேஜைத் தேடவில்லை. ஓரத்தில் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு விரல் அகலம்கூட இருக்காது. ஓவர்லாக் மிஷின் தைக்கும்போதே மிச்சத்தை நறுக்கித் தள்ளியிருக்கும். அடுத்த வருஷம் பிரித்து விடலாம் என்றால் அங்கே பிரிக்க ஒன்றும் கிடையாது.

வளர்கிற உடம்புக்குத் தைக்கிற துணியில் வளர இடம் இருக்க வேண்டும். இதுதான் என் கட்சி. இன்றைக்குக் கடையில் தொங்குவதில் முக்கால்வாசி பெரியவர்கள் உடுப்பின் குட்டி சைஸ். லெஹங்கா, ஷெர்வானி, கோட் சூட், எல்லாம் மூன்று வயசுக்கு. போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மறுக்கவில்லை.

பழைய பாவாடையை நினைத்துப் பாருங்கள். இடுப்பில் நாடா. ஆறு வயசில் இறுக்கிக் கட்டியதை எட்டு வயசில் தளர்த்திக் கட்டலாம். பார்டருக்கு மேலே இரண்டு மூன்று டக், அதாவது துணியைச் சுற்றிலும் மடித்துத் தைக்கிற மடிப்பு, பிடித்திருப்பார்கள். ஒன்றரை இஞ்ச் ஆழத்துக்கு ஒரு டக் பிடித்தால் மூன்று இஞ்ச் நீளம் அதற்குள் அடங்கிவிடும். தீபாவளிக்கு முன்னால் அம்மா பழைய பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு டக்கைப் பிரிப்பார். நூலைத் தனித்தனியாக இழுத்து எடுப்பார், அவசரப்பட்டால் துணி கிழியும். பிரித்த இடத்தில் வெயிலும் சோப்பும் படாத துணி பளிச்சென்று ஒரு பட்டையாகத் தெரியும், அதன் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஊசி ஓட்டை. வெளுத்துப்போன அரக்குப் பாவாடையில் அந்தப் பட்டை மட்டும் கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த நிறத்தில் இருக்கும். பட்டையை எண்ணினால் பாவாடையின் வயசு தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் எண்ணவும் செய்வார்கள், பெண்பிள்ளைகளுக்கு அதில் ரொம்பக் கூர்மையான கண். சில வீட்டில் பட்டைக்கு மேலே லேஸ் வைத்துத் தைத்து மறைப்பார்கள். எங்கள் வீட்டில் லேஸ் வாங்கும் வழக்கம் இல்லை.

இதில் பெருமைப்பட மட்டுமே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பையன்களுக்கு முட்டிக்குக் கீழே தொங்குகிற டிரவுசரும், தோள் பாதி கைவரை வழிகிற சட்டையும் தைத்துப் போட்டு "வளர்ற புள்ளதானே" என்பார்கள். அந்தச் சட்டை சரியாக அமைவதற்குள் காலர் கிழிந்திருக்கும். தைத்த நாளிலும் சேராது, சேருகிற நாளில் துணி இருக்காது. தொளதொளவென்று தைப்பது வேறு, உள்ளே துணி விட்டுத் தைப்பது வேறு. முன்னது யாருக்கும் வரும், இரண்டாவதற்குக் கை வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் முதலில் போடுவது பழைய துணி. தாத்தாவின் வேட்டி, பாட்டியின் நூல் சேலை. ஆயுசோடு வாழ்ந்தவர் துணி என்று ஒரு கணக்கு. கஞ்சி எல்லாம் போய், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது என்பது இன்னொரு கணக்கு. அப்புறம் அரைஞாண் கயிறு. திருஷ்டிக்கு என்பார்கள், கோவணம் கட்ட என்பார்கள். ஆனால் வீட்டுப் பெண்களுக்கு அதுதான் தராசு. "கயிறு இறுகிப் போச்சு பாரு, உடம்பு பிடிச்சிடுச்சு" என்று சொல்லி முடிச்சைத் தளர்த்திக் கட்டுவார்கள். பிள்ளையின் முதல் உடுப்பே வளர வளர விட்டுக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

நம்மவர்கள் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுப் பிள்ளைகளின் கவுன்களிலும் இதே டக் உண்டு, இதே காரணத்துக்காகத்தான். அதற்கு முன்னால் அங்கேயும் பிறந்த குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றி வைப்பார்கள், கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் பெரியவர் உடையையே சின்னதாகத் தைத்து மாட்டுவார்கள். இப்படி இறுக்கிக் கட்டுவதைத் தத்துவ அறிஞர் ரூசோ 1762இல் திட்டி எழுதினார். அந்த நூற்றாண்டின் கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கு லேசான வெள்ளை மஸ்லின் கவுன் பரவியது. மஸ்லினுக்குப் பேர்போன இடம் வங்காளம்.

வட சென்னைக்காரர்கள் இதைப் பேசுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. துணி வாங்கத்தான் 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இந்தக் கரையில் வந்து இறங்கினான். அவன் வாங்கிய துணியைத் துவைத்து வெளுத்துக் கொடுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னராக இருந்த காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். பெரம்பூரில் 1876இல் பக்கிங்ஹாம் மில், 1881இல் கர்நாடிக் மில். ராணுவத்துக்குக் காக்கி நெய்து கொடுத்த பின்னி மில் அதுதான், 1996இல் மூடினார்கள். காக்கி டிரில் துணியில் அரை டிரவுசர் தைத்துப் போட்டால் பையன் மதில் ஏறினாலும் தாங்கும். தேய்வது பின்பக்கம்தான். அங்கே உள்பக்கமாக வட்டத் துண்டு வைத்து, சுற்றிச் சுற்றி மிஷின் ஓட்டி விடுவார்கள். தபால்பெட்டி என்று கேலி செய்வோம். அண்ணனிடமிருந்து தம்பிக்கு அந்தத் தபால்பெட்டியோடுதான் வரும்.

அப்படிப்பட்ட ஊரில் இன்று பிள்ளைத் துணி எங்கிருந்து வருகிறது? பனியன் துணி என்றால் திருப்பூர். ஜிகினா கவுன் என்றால் கொல்கத்தா மெட்டியாப்ரூஸ், இல்லாவிட்டால் மும்பை. வரட்டும், அங்கே தைக்கிறவர்களும் பீஸ் ரேட்டுக்கு முதுகு ஒடியத்தான் தைக்கிறார்கள். குறை அவர்கள் கையில் இல்லை, கட்டிங் டேபிளில் இருக்கிறது. துணியை அடுக்கு அடுக்காகப் போட்டு ஒரே நேரத்தில் வெட்டும்போது, ஒரு உருப்படியில் அரை இஞ்ச் கூட விட்டால் நூறு உருப்படியில் எத்தனை மீட்டர் போகும் என்று முதலாளி கணக்குப் போடுவார். 18, 20, 22 என்று இரண்டிரண்டு இஞ்சாகச் சைஸ் ஏறும், சைஸுக்குச் சைஸ் விலையும் ஏறும். பிள்ளை இரண்டு இஞ்ச் வளர்ந்தால் நீங்கள் திரும்பக் கடைக்கு வரவேண்டும். வியாபாரம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. உள்ளே துணி விட்டால் அவர்களுக்கு இரட்டை நஷ்டம்.

ஜிகினா கவுனைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கேன்கேன் என்று விறைப்பான வலை வைக்கிறார்கள். மே மாசத்துக் கல்யாணத்தில், கரண்ட் போன மண்டபத்தில், நாலு வயசுக் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு தொடையைச் சொறிந்துகொண்டே நிற்கும். "சொறியாதே, போட்டோ எடுக்கிறாங்க" என்று அதட்டுவோம். கவுனைக் கழற்றினால் இடுப்பில் செக்கச் செவேலென்று கோடு. வலை வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் தோலுக்கும் நடுவில் கணுக்கால்வரை காட்டன் லைனிங் கேளுங்கள். பாதி லைனிங் போட்டு ஏமாற்றுவார்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கம் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குத் தைக்கிற வெள்ளை உடுப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஒரே நாள் உடுப்பு அது. அக்கா போட்டது தங்கைக்கு, அப்புறம் சித்தி மகளுக்கு என்று போகும். நாளெல்லாம் ஓடியாடப் போடுகிற துணி அல்ல, அதில் வலை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

சீருடை விஷயத்தில் நம் அம்மாக்கள் தெளிவு. 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை தொடங்கியது. 2012-13 முதல் வருஷத்துக்கு நாலு செட். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைக்கிறார்கள், எத்தனையோ பெண்களுக்கு அதில் அடுப்பு எரிகிறது. செட் பெரிதாக வந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்வார்கள். சின்னதாக வந்தால்தான் வம்பு. பெரியதைச் சின்னதாக்கலாம், சின்னதை என்ன செய்வது?

தைக்கக் கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன். எல்லாரும் நீளத்தைத்தான் கவனிப்போம், ஆனால் பிள்ளைச் சட்டை முதலில் பிடிப்பது அக்குளில். பழைய ஜிப்பாக்களில் அக்குளுக்குக் கீழே சதுரமாக ஒரு துண்டு வைத்திருப்பார்கள், கையைத் தூக்கினாலும் இழுக்காது. அதைக் கேட்டு வையுங்கள். இரண்டு பக்கத் தையலிலும் முக்கால் இஞ்ச், கீழ் மடிப்பில் மூன்று இஞ்ச், கவுன் என்றால் இடுப்புத் தையலுக்கு உள்ளே ஒரு இஞ்ச். கூடுதலாகக் கால் மீட்டர்கூட ஆகாது. பிரித்து விடும்போது வேறு நூலால் தைக்காதீர்கள், மீதி நூலை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டனை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் விட்ட துணியை முதல் துவையலே தின்றுவிடும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, இருநூறு ரூபாய்க்குப் புதுசே கிடைக்குமே என்று கேட்பவர்கள் கேட்கலாம். கிடைக்கும். மூன்றாவது துவையலில் அதன் ஜிகினா வாஷிங் மிஷினுக்குள் கிடக்கும். கூலி ஐம்பது கூடக் கொடுத்துத் தைத்தது இரண்டு தீபாவளியைத் தாண்டும்.

இப்போதைக்கு என் பிரச்சினை தையல்காரர்தான். இருக்கிறவர்களில் பாதிப் பேர் பிளவுஸுக்குப் போய்விட்டார்கள், பிள்ளைத் துணி என்றாலே "கட்டுப்படியாகாதும்மா" என்கிறார்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் டக் பிடித்துப் பாவாடை தைக்கிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அளவு எடுக்கும்போது பிள்ளையிடம் பேசுகிற ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.