பச்சை ஸ்டிக்கர் பாடு

நியூசிலாந்துல ஊர் சுத்த பழைய ஹையேஸ் வேன் ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தா, விளம்பரம் பூரா "செல்ஃப் கன்டெயின்ட்"னு போட்டு வச்சிருக்கானுங்க, அதாவது டாய்லெட், தண்ணின்னு எல்லாம் உள்ளயே இருக்கிற வண்டியாம், நேர்ல போனா அதுக்கான பழைய சட்டத்து நீல ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கு. 2023லயே சட்டம் மாறிடுச்சுய்யா! இப்ப பச்சை வாரன்ட், அதாவது புது பச்சை ஸ்டிக்கர், வேணும்னா டாய்லெட் வண்டியோட ஃபிக்ஸ் ஆகியிருக்கணும், பெட்டை விரிச்சு போட்ட பிறகும் உள்ளயே அந்த டாய்லெட்ல உக்கார இடம் இருக்கணும். வண்டிய விக்கிறவன் என்னடான்னா சிங்குக்கு அடியில ஒரு போர்ட்டபிள் டப்பாவ சொருகிட்டு "ஈஸியா பாஸ் ஆயிடும் ப்ரோ"ங்கறான். அவ்ளோ ஈஸின்னா நீயே பாஸ் பண்ணிட்டு விக்க வேண்டியதுதானே? பெட்டை அறுத்து பலகை மாத்தி அடிக்கிற செலவெல்லாம் யாரு தர்றது? இதுல டீசல் வண்டிக்கு 1000 கிலோமீட்டர் கணக்குல ரோட்டு வரிய முன்கூட்டியே கட்டணும், அதையும் பாக்கி வச்சிருக்கான் மகராசன், வாங்குனா அதுவும் நம்ம தலையிலதான்.