தொண்டைக்குழிப் புள்ளியை நேராக அழுத்தாதீர்கள்

தொண்டைக்குழியில் சிவப்புப் புள்ளி வைத்த ஒரு படம். கீழே, "இங்கே அழுத்தினால் இருமல், இளைப்பு பறந்துவிடும்" என்று ஒரு வரி. இப்படிப் பகிர்பவர்கள் மேல் உண்மையிலேயே கோபம் வருகிறது. இடம் சரிதான். எந்தப் பக்கமாக அழுத்துவது என்பதை யாரும் சொல்வதில்லை. இந்தப் புள்ளிக்கு அதுதான் உயிர்.

சீன மருத்துவத்தில் இதற்குத் தியான்து என்று பெயர். உடம்பின் முன்பக்க நடுக்கோட்டில் ஏறும் ரென் என்ற சக்திப் பாதையின் 24 புள்ளிகளில் இது 22ஆவது. 'வானத்துப் புகைபோக்கி' என்று பொருள் சொல்வார்கள். காறையெலும்புகள் இரண்டும் நெருங்கிவரும் இடத்தில், மார்பெலும்புக்கு மேலே விரல்நுனி அமிழும் பள்ளம்தான் அது. இருமல், இளைப்பு, தொண்டைக்கட்டு, விக்கல் எல்லாவற்றுக்கும் இதைத் தொடுவார்கள்.

விரலால் அழுத்துவதானால் சுட்டுவிரலைக் கொக்கிபோல் வளைத்து, மார்பெலும்பின் மேல்விளிம்புக்குப் பின்புறம் இறங்குகிற மாதிரி கீழ்நோக்கி மெதுவாக அழுத்துங்கள். 10 நொடி அழுத்தி விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். நேரே பின்பக்கமாக அழுத்தினால் விரல் மூச்சுக்குழாயில் போய் முட்டும், இருமல் கிளம்பும். சளியைத் துப்பத் தெம்பில்லாத நோயாளிக்கு இருமலை வரவழைக்கவே அந்த இடத்தில் மூச்சுக்குழாயை அழுத்துகிற வழக்கம் பிசியோதெரபியில் உண்டு. வறட்டு இருமலை அடக்க நினைப்பவர் அதைச் செய்தால் என்ன ஆகும்?

அக்குபங்சர் ஊசி என்றால் பயிற்சி பெற்ற கை மட்டும்தான். முதலில் துடிப்பு தெரிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, பெரிய ரத்தக்குழாய் அந்தப் பள்ளம் வரைக்கும் ஏறியிருக்கும். எச்சிலை விழுங்கிவிட்டு அசையாமல் இருக்கச் சொல்லி, நேராக 0.2 சுன் மட்டும் செலுத்துவார்கள் (சுன் என்பது சீன அளவு; நோயாளியின் கைக் கட்டைவிரல் கணுவின் அகலம் 1 சுன்). பிறகு பிடியை மோவாய்ப் பக்கம் உயர்த்தி, நுனியைக் கீழே திருப்பி, எலும்பின் பின்புறத்தை ஒட்டியே 0.5 முதல் 1 சுன் வரை. தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இறுக்கம் வந்தால் அதோடு நிறுத்த வேண்டும். குறுகுறுத்து இருமல் வந்தால் மூச்சுக்குழாயைத் தொட்டாகிவிட்டது. ரப்பர்போல எதிர்த்தால் நுனியில் ரத்தக்குழாய் இருக்கலாம். இரண்டிலும் தோலடி வரை பின்னால் இழுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் சரிந்தால் நுரையீரல் உச்சி குத்துப்பட்டு, நெஞ்சுக்கூட்டில் காற்று புகும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், கழுத்தில் தைராய்டு கழலை உள்ளவர்களுக்கு இங்கே ஊசியே வேண்டாம்.

ஆஸ்துமாக்காரர்களிடம் "இன்ஹேலரை நிறுத்துங்கள், புள்ளி போதும்" என்று சொல்வதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது. கிடைத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு, நாள்பட்ட ஆஸ்துமாவுக்கு அக்குபங்சரைப் பரிந்துரைக்கும் அளவு ஆதாரம் இல்லை என்றே சொன்னது. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் கையில் இருக்கும் இன்ஹேலரை இழுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். புள்ளியைத் தேடுகிற நேரமில்லை அது.

விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்கிற உணர்வுக்கும் இதே புள்ளியைத்தான் எடுப்பார்கள், மணிக்கட்டின் உட்புறம் உள்ள நெய்குவான் என்ற புள்ளியோடு சேர்த்து. மனக்கவலையால் வருகிற உருண்டை சாப்பிடும்போது பெரும்பாலும் மறைந்துவிடும். சோறு இறங்கும்போதே அடைக்கிறது, எடை குறைகிறது, குரல் கம்மி 3 வாரம் தாண்டிவிட்டது என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள்.